பாதியாகச் சுண்டிய தண்ணீர்

காலையில் மோட்டார் போட வேண்டும், டேங்க் நிரம்பியதும் நிறுத்த வேண்டும், தெருத் தெருவாக வால்வு திறந்து மூட வேண்டும், நாள் தவறாமல் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டும் என்றுதான் என்னை டேங்க் ஆபரேட்டராகச் சேர்த்தபோது சொன்னார்கள். ஊரில் இருக்கிற சந்தேகத்துக்கெல்லாம் பதில் சொல்வதும் இந்த வேலையில் சேர்த்தி என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஊர் ஊருக்கு வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற உங்களுக்கு இது தெரியும். சாவி நம் கையில் இருப்பதால் தண்ணீரைப் பற்றி எல்லாமே நமக்குத் தெரியும் என்று சனங்கள் முடிவு கட்டிவிடுவார்கள். மார்கழிக் குளிரில் போர் தண்ணி மட்டும் ஏன் வெதுவெதுன்னு வருது? ஐஸ் போட்ட செம்புக்கு வெளியே ஏன் வேர்க்குது? ஓட்டை இல்லாத பானைக்கு அடியில் ஈரம் எப்படி வந்தது? நான் படித்தது அஞ்சாவது. ஆனாலும் கேட்டவரை வெறும் கையோடு அனுப்பினதில்லை. வாயில் வந்ததைச் சொல்வேன். சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதில் ஒரு ருசி இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் தருமபுரி ஜில்லாவில் இண்டூர் பக்கம். இங்கே ரெண்டு தண்ணி. ஒன்று போர் தண்ணி; உப்பு. இன்னொன்று ஆத்துத் தண்ணி, பின்னால் வந்தது. ஆத்துத் தண்ணி டேங்குக்கு அடியில் இருக்கிற குழாயில் வரும், பள்ளத்துத் தெருவுக்குப் போகும். மேட்டுத் தெருவுக்கு ஏறாது. அங்கே இருக்கிற நாப்பது வீட்டுக்கும் போர் தண்ணிதான். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ரெண்டு சட்டி பருப்பு

மேட்டுத் தெரு சின்னப்பாப்பா அக்கா ஒரு நாள் ரெண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு வால்வு தொட்டிக்கே வந்துவிட்டது. அதற்கு அப்போதே அறுவது தாண்டிவிட்டது. கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ஆனால் அது செய்த வேலையை எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் செய்திருக்க மாட்டார். ஒரே கடைப் பருப்பை ரெண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைப் போர் தண்ணியிலும் இன்னொன்றைப் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணியிலும் போட்டு, ஒரே மாதிரி அடுப்பில், ஒரே நேரம் வேக வைத்திருக்கிறது. மழைத் தண்ணிப் பருப்பு குழைந்து கிடந்தது. போர் தண்ணிப் பருப்பை விரலில் நசுக்கினால் பொட்டுக்கடலை மாதிரி நின்றது.

“பருப்பும் ஒண்ணு, அடுப்பும் ஒண்ணு. தண்ணியில என்னா இருக்குதுடா மாது?” என்றது. நம்ம ஊர் பாறை ஊருக்கா, பாறைக்குள்ள தண்ணி ரொம்ப நாள் கெடந்து கல்லு கொஞ்சம் கரைஞ்சு போயிருக்கும், அதான் பருப்பை வேக விட மாட்டேங்குது என்றேன். அது யாரோ இஞ்சினீயர் ஜீப்பில் வந்தபோது பேசிக் காதில் விழுந்தது. நான் சொன்னதிலேயே சரியாகச் சொன்னது அது ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்தது. அக்கா சட்டி ரெண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கிளம்பியது. நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி நின்று கேட்டது:

“பருப்பையே வேக விடாத கல்லு, நம்ம ஒடம்புக்குள்ள போயி எங்கடா குந்திக்கும்?”

அண்ணாந்து பார்க்கிற கழுத்து

சவரிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைக்கிள் கடை வைத்திருக்கிறான், என் வயசுதான். கோயிலில் பாதிரியார், ஆண்டவர் தண்ணீர்மேல் நடந்ததைப் பிரசங்கம் பண்ணினால், பூசை முடிந்ததும் நேராக மாட்டுத் தொட்டிக்கு வந்து, அதில் நடக்கிற பூச்சி ஏன் முங்க மாட்டேங்குது என்று அரை மணி நேரம் குனிந்து பார்க்கிற ஆள். பின்னாளில் குனிய முடியாமல் போனது. அது இந்தத் துணுக்கிலேயே வருகிறது.

எனக்குக் கழுத்து திரும்பாது. யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் வண்டி திருப்புகிற மாதிரி ஆள் மொத்தமாகத் திரும்ப வேண்டும். சின்னப் பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிக்கும். பத்துப் பன்னிரண்டு வருசமாக டேங்க் வழியுதா என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து அப்படி நின்றுவிட்டது என்பது சவரியின் முடிவு. முடிவு கட்டிவிட்டுச் சும்மா இருக்க மாட்டான். காலி எண்ணெய் டின்னை டேங்குக்குள் மிதக்கவிட்டு, அதில் கயிறு கட்டி, சைக்கிள் சக்கரத்து வளையத்தின் மேல் ஓடவிட்டு, வெளிப்பக்கம் ஒரு கல்லைத் தொங்கவிட்டான். தண்ணி ஏறினால் கல் இறங்கும். கல் என் கண் மட்டத்துக்கு வந்தால் டேங்க் நிறைந்தது என்று அர்த்தம். நல்ல ஏற்பாடு, இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம் நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை. வருசம் ஒன்று போனது. கழுத்து அப்படியேதான் இருந்தது. சவரி அடிக்கடி வந்து என் தலையைப் பிடித்து ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பான், சைக்கிள் ஹேண்டில்பார் பார்க்கிற மாதிரி. கடைசித் தடவை வந்தபோது அவனே கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றான். அவனால் தரையில் குந்திப் பஞ்சர் ஒட்ட முடியாமல் போய், கடையில் மேசை போட்டிருந்தான்.

“உனக்குக் கழுத்து, எனக்கு இடுப்பு. நான் எந்த டேங்கைய்யா அண்ணாந்து பாத்தேன்?”

கம்பி விட்ட டம்ளர்

தண்ணி சுத்தம் பண்ணுகிற மிஷின் விற்க ஒரு பையன் வந்தான். கழுத்தில் டை, கையில் பெட்டி. டேங்குக்கு அடியில் மேசை போட்டு, ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணி, இன்னொரு டம்ளரில் அவன் கொண்டு வந்த சுத்தமான தண்ணி ஊற்றினான். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சாமானை ரெண்டிலும் வைத்து கரண்ட் கொடுத்தான். எங்கள் தண்ணி பழுப்பாகி, செம்மண் கலங்கினது மாதிரி நுரைத்தது. அவன் தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி நின்றது. பொம்பளைகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். மேட்டுத் தெரு ஜெயந்தி இடுப்பில் ஒரு வயசுப் பெண் குழந்தையோடு முன்வரிசையில் நின்றாள். வாங்கிவிடுவது என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

சவரி டீக்கடைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு வாங்கி வந்தான். “தம்பி, உன் நல்ல தண்ணியில இதைப் போட்டுக் கம்பிய விடு” என்றான். பையன் மழுப்பினான். கூட்டம் விடவில்லை. உப்பைப் போட்டுக் கம்பியை விட்டதும் அவன் தண்ணியும் பழுப்பாகிக் கலங்கியது. “கரையுறது உன் கம்பி. துரு அது. உப்பு இருந்தா கரண்ட் ஓடும், கரண்ட் ஓடுனா இரும்பு கரையும்” என்றான் சவரி. ஊரே கைதட்டியது. நான் விசில் அடித்தேன். ஒருத்தரும் மிஷின் வாங்கவில்லை. ஜெயந்தியும்தான். கைதட்டின கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பையன் கம்பியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, கோபம் இல்லாமல்தான் சொன்னான்:

“என் தண்ணியில உப்பைப் போட்டது நீங்க. உங்க தண்ணியில போட்டது யாருன்னும் ஒரு நாள் கேட்டுப் பாருங்க ஐயா.”

விறகுக்கா பஞ்சம்

மறுநாள் காலையில் மேட்டுத் தெரு வால்வு திறந்துகொண்டிருந்தேன். ஜெயந்தி வந்தாள். என் பங்காளி வீட்டு மருமகள் முறை. பெரிப்பா என்று கூப்பிடும். “அவன் பண்ணுனது வித்தைன்னே இருக்கட்டும் பெரிப்பா. ஆனா தண்ணியில ஏதோ இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல? புள்ளைக்கு என்னாதான் குடுக்குறது?” என்று கேட்டாள்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். தருமபுரி ஆஸ்பத்திரியில் போய்க் கேளம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது நம்மையாச்சே. “நல்லாத் தளதளன்னு கொதிக்க வையி. பாதியா சுண்டுனதும் எறக்கி ஆற வச்சுக் குடு. உள்ள என்னா இருந்தாலும் போயிரும்” என்றேன். காய்ச்சல், பேதி என்றால் நர்சம்மா காய்ச்சின தண்ணிதானே குடிக்கச் சொல்கிறார்கள்? அதே கணக்கில் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முகம் தெளிந்துவிட்டது.

“பாதி எதுக்குப் பெரிப்பா, மூணுல ஒரு பங்கா சுண்டவச்சே குடுக்குறேன். எம் புள்ளைக்கு நல்லதுன்னா வெறகுக்கா பஞ்சம்?”

அடியில் தங்கியது

கொஞ்ச நாளில் ஜெயந்தி காய்ச்சுகிற குண்டானைத் தெருவெல்லாம் காட்டினாள். அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தது. “பாருங்க, இத்தினியும் நம்ம வயித்துல போயிருக்கும்” என்றாள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மேட்டுத் தெருவில் பாதி வீட்டில் காய்ச்ச ஆரம்பித்தார்கள். டேங்க் மாது சொன்ன வைத்தியம் என்று பேரும் ஆனது. நான் வால்வுச் சாவியை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து நடந்தேன்.

சவரி மட்டும் அந்தக் குண்டானை வாங்கி நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தான். உனக்கு வேற வேலை இல்லையா, கடையைப் போய்ப் பாரு என்று விரட்டினேன். ஒரு தடவை என்னை முந்திப் பெயர் வாங்கினவன். இந்தத் தடவை விடக் கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே போனான். போகும்போது கேட்டான்:

“அடியில ஒட்டுனது இது, சரி. ஒட்டாததும் ஒண்ணு உள்ள இருந்தா, அது எங்க போவும் மாது?”

மஞ்சள்

ஆறு வருசம் கழித்து எங்கள் பள்ளிக்கூடத்தில் பல்லுக்கும் எலும்புக்கும் முகாம் போட்டார்கள். பெரியவர்களை வரிசையில் நிறுத்தி, தாடையை நெஞ்சில் தொடச் சொன்னார்கள். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார்கள். கையைத் தூக்கிப் பின்மண்டையைத் தொடச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்குதே என்று சிரித்துக்கொண்டே போனோம். எனக்குத் தாடை பாதி வழியில் நின்றது. சவரிக்குக் கை முட்டிக்காலோடு நின்றது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களில் நாப்பது தாண்டினவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படியே பாதியில் நின்றார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. “வயசானா வர்ற வாயுங்க” என்று சின்னப்பாப்பா அக்கா சொன்னதற்கு, அங்கே எழுதிக்கொண்டிருந்த பெண், “இல்லீங்க ஆயா, இது தண்ணி. அதுல கரைஞ்சிருக்குற ஒரு உப்பு பல்லுலயும் எலும்புலயும் போயி உக்காந்துக்கும்” என்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தது. பருப்புச் சட்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஜெயந்தி தன் மகளைக் கூட்டி வந்திருந்தாள். தர்ஷினி, அப்போது ரெண்டாவது படித்தது. முட்டி ரெண்டும் ஒட்டி, பாதம் ரெண்டும் விலகி, நடந்தால் முட்டியோடு முட்டி உரசும். நடை அப்படித்தான் என்று நாங்கள் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டோம். பல்லில் பழுப்புக் கோடு. டாக்டர் அந்தக் கால்களை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். “இந்தப் பாப்பா என்ன தண்ணி குடிக்குது?” என்றார். ஜெயந்தி பெருமையாகத்தான் சொன்னாள்: “காச்சாத தண்ணி ஒரு சொட்டுக்கூடக் குடுத்ததில்லீங்க.” கையில் கொண்டு வந்த பாட்டிலையும் நீட்டினாள்.

எழுதிக்கொண்டிருந்த பெண் மூன்று சின்னக் குப்பியில் தண்ணி ஊற்றி மருந்து விட்டது. ஆத்துத் தண்ணி ரோஸ் கலரில் நின்றது. ரோஸாகவே நின்றால் நல்ல தண்ணி, மஞ்சளாக மஞ்சளாகக் கெடுதல் என்று சொல்லியிருந்தார்கள். போர் தண்ணி வெளிறி மஞ்சளானது. ஜெயந்தியின் பாட்டில் தண்ணி மருந்து விட்ட உடனே மஞ்சள் கிழங்கு கரைத்தது மாதிரி ஆனது. தப்பாக விட்டிருப்பார்கள் என்று இன்னொரு தடவை விடச் சொன்னாள். இன்னொரு தடவையும் அதே மஞ்சள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் ஆவியாகப் போகும், அந்த உப்பு போகாது, மிச்சத் தண்ணியில் எல்லாம் சேர்ந்து நிற்கும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது. “காச்சிச் சுண்டவைக்கணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?” என்று கேட்டது.

நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். கழுத்து திரும்பாத எனக்கு, திரும்பாமலே ஜெயந்தி என்னைப் பார்ப்பது தெரிந்தது. “யாரும் சொல்லலீங்க. நானாத்தான் செஞ்சேன்” என்றாள். நான்தான் சொன்னேன் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஊரே சுற்றி நின்றது. வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், ஏழு வயசுப் பிள்ளையை. என்னிடம்தான் பேசினாள், ஆனால் என்னைத் திட்டவில்லை:

“கொழம்பு சுண்டுனா உப்பு கரிக்கும்னு தெனம் அடுப்படியில பாக்குறேனே பெரிப்பா, தண்ணிக்கும் அதேதான்னு எனக்கு ஏன் தோணாமப் போச்சு?”

தெரியாது

இப்போது தினம் காலையில் டேங்குக்கு அடியில் ஆத்துத் தண்ணி ரெண்டு கேன் பிடித்து, வண்டியில் கட்டி, மேட்டுத் தெருவில் ஜெயந்தி வீட்டில் இறக்கிவிட்டுத்தான் மோட்டார் போடப் போகிறேன். லைன் உடைந்து ஆத்துத் தண்ணி வராத நாளில் சவரி கூரையில் பிடித்து வைத்திருக்கிற மழைத் தண்ணியைக் கொடுப்பான். ஏன் கொண்டு வருகிறேன் என்று ஜெயந்தி கேட்டதில்லை. நான் சொல்லவும் இல்லை. தருமபுரி டாக்டர், கால் வளர வளரக் கொஞ்சம் நிமிரலாம், நிமிராவிட்டால் பின்னால் ஆபரேசன் பண்ணிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். பல்லு மாறாது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

யார் என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டேன். நேற்றுகூட ஒருத்தர், போர் போட்ட தண்ணியில் ஏன் அழுகின முட்டை வாடை வருது என்றார். தெரியாதுங்க என்றேன். “டேங்க் மாதுவுக்கே தெரியாதா? இன்னைக்கு மழை கொட்டும்யா” என்று சவரி கடையில் இருந்து கத்தினான். கத்திவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். குனிய முடிந்த அளவுக்கு.

இன்று காலை கேனை இறக்கும்போது தர்ஷினி வாசற்படியில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதிலிருந்து அந்தப் பழக்கம். வகுப்பில் நிறையக் கேள்வி கேட்கிறது என்று வாத்தியார் சொல்வார். என்னைப் பார்த்ததும் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, வாயை மூடின கையை எடுத்துவிட்டுக் கேட்டது:

“தண்ணிக்கு நெறம் இல்லைன்னு இதுல போட்டிருக்குது தாத்தா. அப்போ எம் பல்லுல இருக்குற நெறம் எங்கிருந்து வந்துச்சு?”

இருபத்திரெண்டு வருசமாகத் தெரியாத கேள்விக்கெல்லாம் நின்ற இடத்தில் பதில் சொன்ன நான், பதில் தெரிந்த ஒரே ஒரு கேள்விக்கு, மோட்டார் போட நேரமாச்சு என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.